ஊரோடு இருந்து கற்றல்

சமுதாய ஆராய்ச்சி என்றதும் புள்ளிவிவரமே பலர் நினைவுக்கு வரும். ஊரோடு இருந்து, கண்டும் கேட்டும் அறிவது மற்றொரு நெறி. ஜொகூர் மாநிலத்துப் பத்து பகாட்டில் பிறந்த சையத் உசேன் அலி, அம்மாவட்டத்துக் கம்போங் பாகானை ஆராய்ந்து, அவ்வூரின் ஏற்றத்தாழ்வுகளை 1964இல் நூலாக்கினார்.

அதற்குச் சற்று முன்னர், தஞ்சை மாவட்டத்தில் ஆந்திரே பெத்தேய் அக்கிரகாரத்து வீடொன்றில் தங்கி ஆராய்ந்தார். அந்தணர் வாழ்வு அணுக்கமாயிற்று; சேரியோ எட்டியே நின்றது. அக்கிரகாரத் திண்ணையில் அமர்ந்தவரிடம் சேரி மக்கள் மனந்திறப்பாரா? சொந்த மாவட்டத்தை ஆராய்வோர்க்கு இடர் வேறு: பழகிய வழக்கத்தைப் புதிதாய்க் காண்பது அரிதன்றோ!

உசேன் அலி பின்னர்ப் பகாங், கெடா ஊர்களையும் சேர்த்து ஆராய்ந்தார். அந்நூல் 1975இல் வெளிவந்தபோது அவர் விசாரணையின்றிக் காவலில் இருந்தார். விடுதலை 1980இல்தான்.