ஏடு போன வழி

செல்லூரிலிருந்து சோழவந்தானுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். ரயிலில் ஏறினால் அரை மணி. பஸ்ஸென்றால் வழியில் ஏறி இறங்குகிறவர்களைப் பொறுத்து ஒரு மணி. இருபது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரம். எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்துக்கொண்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு தொடர்கதையில், போகிற போக்கில், ‘சோழ ராஜா ஒருவன் வந்து பார்த்து, தன் நாட்டைப் போலவே இருக்கிறதே என்று மயங்கி நின்ற ஊர், அதனால்தான் சோழவந்தான்’ என்று எழுதிவிட்டேன். யாரோ சொல்லக் கேட்டதுதான். அந்த அத்தியாயம் வெளியான பத்தாம் நாள் ஒரு தபால் கார்டு வந்தது. நடுங்குகிற கையெழுத்து, நாலே வரி. ‘சோழன் வந்தான் என்பதல்ல பெயர். சோழனுக்கு எமன் என்பது பெயர். ஊருக்கு வராமலே ஊரைப் பற்றி எழுதுவது தங்களைப் போன்றவர்களுக்கு அழகல்ல.’ கையொப்பம் மட்டும் இருந்தது, விலாசம் இல்லை. ரயிலில் எத்தனையோ தடவை அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட இறங்கியதில்லை. குற்றச்சாட்டு முழுக்க நியாயம்.

ஆகவே ஒரு தை மாதத்து விடியற்காலையில், செல்லூர்த் திருவாப்புடையார் கோயில் வாசலிலிருந்து நடக்கத் தொடங்கினேன். தேவாரத்தில் இதற்குத் திருஆப்பனூர் என்று பெயர். சம்பந்தர் பாடிய தலம். தறிச் சத்தமும் பஸ் சத்தமும் சூழ்ந்த இந்தப் பேட்டையில் ஆயிரத்து முன்னூறு வருஷத்துக் கோயில் ஒன்று இருப்பதை இங்கேயே குடியிருப்பவர்களில் பாதிப் பேர் நினைத்துப் பார்ப்பதில்லை. கோயில் கதை வேடிக்கையானது. பஞ்ச காலத்தில் நைவேத்தியத்துக்கு அரிசியில்லாமல் போன அர்ச்சகர் வைகை மணலை அள்ளி உலையிலிட்டாராம், அது அன்னமாயிற்றாம். இன்றைக்கு அவர் வந்தால் உலையிலிட மணலுக்கே அலைய வேண்டியிருக்கும். ஆற்றில் சாக்கடையும் ஆகாயத்தாமரையும்தான் கண்ணில் படுகின்றன.

வடகரையை விட்டு விலகாமல் மேற்கே நடந்தால் பரவை, சமயநல்லூர், தேனூர், திருவேடகம், பிறகு சோழவந்தான். அதாவது ஆற்றின் போக்குக்கு எதிராக. இந்த வழியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஓர் ஓலைச் சுவடி தேர்ந்தெடுத்தது.

பெரிய புராணம் படித்தவர்களுக்குக் கதை தெரியும். ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் பாண்டியன் சமணன். அவனை நெடுமாறன் என்கிறது புராணம். அரிகேசரி மாறவர்மன் என்று சரித்திரக்காரர்கள் அடையாளம் சொல்லுகிறார்கள். அவன் ராணி மங்கையர்க்கரசி சோழன் மகள். மந்திரி குலச்சிறை. இவ்விருவரும் அழைத்துச் சம்பந்தர் வருகிறார். வாதம் நடக்கிறது. கடைசியில் இரு தரப்பாரும் தத்தம் ஏட்டை வைகையில் விடுவதென்று ஏற்பாடு. சமணர் ஏடு நீரோடு கடலை நோக்கிப் போயிற்று. சம்பந்தர் ஏடு நீரை எதிர்த்து மேலே ஏறிற்று. அதன் பின்னாலேயே குலச்சிறையார் குதிரையில் கரையோடு ஓடினார். ஏடு போய்த் தங்கிய இடம் ஏடகம்.

குலச்சிறையார் குதிரையில் போனதால் அவரும் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம். நடந்தால்தான் தெரிகிறது. பரவை வரையில் நகரம் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வருகிறது. காய்கறி மார்க்கெட்டு லாரிகளைத் தாண்டிய பிறகுதான் காதுக்குக் கொஞ்சம் விடுதலை. சமயநல்லூரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நல்ல இட்லி கிடைத்தது.

தேனூர் அப்படியல்ல. ஐங்குறுநூற்றிலேயே பாண்டியன் ஊராகப் பெயர் சொல்லப்பட்ட ஊர் இது. இரண்டாயிரம் வருஷமாகப் பெயர் மாறாமல் ஒரு கிராமம் இருப்பது சாதாரணமா? 2009-ஆம் ஆண்டில் இங்கே ஒரு மரம் வேரோடு சாய்ந்த இடத்தில் ஒரு பானை வெளிப்பட்டது. உள்ளே பொன்கட்டிகள். அவற்றில் ‘கோதை’ என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் பொறித்திருந்தது. யார் அந்தக் கோதை? எந்தக் கலகத்தில் புதைத்துவிட்டு, எந்தக் காரணத்தால் திரும்பி வராமல் போனார்? நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தூண்டில் வேண்டாம். ஆனால் தபால் கார்டு சட்டைப் பையில் இருந்தது, கற்பனையை அடக்கிக்கொண்டேன். தேனூர்க்காரர்களுக்கு இன்னொரு மனக்குறை உண்டு. கள்ளழகர் முன்பெல்லாம் இங்கேதான் ஆற்றில் இறங்கினார், திருமலை நாயக்கர்தான் மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்து மதுரைக்கு மாற்றிவிட்டார் என்று சொல்லுகிறார்கள். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர் நேற்று நடந்ததைப் போலக் கோபப்பட்டார்.

வெயில் தாழ்ந்தபோது திருவேடகம் வந்து சேர்ந்தேன். தென்னந்தோப்பும் வாழையும் ஆற்றங்கரை வரையில் வந்து நிற்கின்றன. ஆவணிப் பௌர்ணமியில் ஏடு எதிரேறும் திருவிழா நடக்கும்போது கூட்டம் இருக்கும். நான் போன அன்று கோயிலில் குருக்களும் இரண்டு பாட்டிகளும்தான். ஏடகநாதர் சந்நிதியில் நின்றபோது பக்தியோடு சங்கடமும் சேர்ந்து வந்தது. மறைப்பானேன்?

ஏட்டுக் கதையின் முடிவு எட்டாயிரம் சமணர் கழுவேறியது. சேக்கிழார் அதைச் சொல்லுகிறார். அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர். சம்பவத்துக்கு ஐந்நூறு வருஷம் பிந்தியவர். சம்பந்தருடைய ஏடகப் பதிகத்தின் கடைசிப் பாட்டிலேயே ஏடு வந்தணைந்த குறிப்பு இருக்கிறது. கழுவேற்றத்தை அவர் எங்கும் வர்ணிக்கவில்லை. சமண நூல்களிலும் இப்படியொரு பேரழிவைக் குறித்துப் புலம்பல் இல்லை. அதற்குமேல் கல்லே சாட்சி சொல்லுகிறது. சம்பந்தருக்கு இருநூறு, முந்நூறு வருஷம் கழித்து, மதுரையைச் சுற்றிய குன்றுகளில், கீழக்குயில்குடியிலும் கீழவளவிலும், அச்சணந்தி என்ற சமண முனிவர் தீர்த்தங்கரர் திருமேனிகளைச் செதுக்கச் செய்திருக்கிறார். வட்டெழுத்தில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. அடியோடு அழிந்த கூட்டம் இப்படி மலை மலையாகச் சிற்பம் செய்துகொண்டிருக்குமா? தகராறு நடந்திருக்கும், ராஜாவின் தயவு கைமாறியிருக்கும், மடங்கள் மானியம் இழந்திருக்கும். எட்டாயிரம் என்ற எண்ணை நான் நம்பவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் வெற்றியைச் சொல்ல எட்டாயிரம் பிணத்தை விரும்பியது என்பதை நம்பாமல் இருக்க முடியவில்லை. அதுதான் சங்கடம்.

இன்னொன்றும் உண்டு. ஏடு இன்னும் சில மைல் மேலே போயிருந்தால் மேட்டுப்பட்டிச் சித்தர் மலைக்கு அடியில் போய் நின்றிருக்கும். அந்த மலைக் குகையில் துறவிகள் படுக்கக் குடைந்த கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றில் ‘மதிரை’ என்ற ஊர்ப்பெயரோடு தமிழ்ப் பிராமி எழுத்துகள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியவை. சம்பந்தருடைய ஏட்டுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாலேயே மதுரைச் சமணர்கள் இதே ஆற்றை எதிர்த்து நடந்து போயிருக்கிறார்கள்.

அன்றிரவு தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுக்கை. மறுநாள் காலை சோழவந்தான் போய்ச் சேரும்போது எட்டு மணி. ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் காற்று மாறுகிறது. ஈர மண்ணும் வெற்றிலையும் கலந்த வாசனை. ஜெனகை மாரியம்மன் கோயில், ஜெனக நாராயணப் பெருமாள் கோயில், கடைத்தெரு, ரயில்வே கேட்டு. அவ்வளவுதான் ஊர். ஒன்பது மணிக்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போய்விட்டால் தெருவில் நாய்களும் நானும்தான்.

இப்படித் தூங்குகிற ஊர்தான் பத்தாம் நூற்றாண்டில் பாகனூர்க் கூற்றத்துச் சோழாந்தக சதுர்வேதிமங்கலம். அந்தகன் என்றால் எமன். தபால் கார்டுக்காரர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. அக்காலத்தில் இருந்த வீரபாண்டியன் ‘சோழன் தலைகொண்ட’ என்பதைப் பெயருக்கு முன்னால் பட்டமாகப் போட்டுக்கொண்டவன். யாருடைய தலை என்பதில் அறிஞர்களுக்குள் வழக்குத் தீரவில்லை. அவன் பட்டப் பெயராலேயே ஊர் அமைந்தது என்பார்கள். சோழர் சும்மா இருப்பார்களா? ஆதித்த கரிகாலன் வந்து, தன் பட்டத்தைப் ‘பாண்டியன் தலைகொண்ட’ என்று ஆக்கிக்கொண்டான். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு அதற்குப் பிறகு நடந்தது தெரியும். ராஜேந்திரன் காலத்தில் அவன் மகனே சோழ பாண்டியன் என்ற பெயரோடு மதுரையில் உட்கார்ந்தான். தலைக்குத் தலை என்று போன கணக்கில் ஓர் ஊர் பெயரைச் சுமந்துகொண்டு நின்றது.

பிறகு வந்தவர்களும் ஊரை நிம்மதியாக விடவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் அரியநாத முதலியார் தொண்டை மண்டலத்து வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினார். 1757-இல் திண்டுக்கல் பாதையைக் காக்க என்று கான்சாகிப் இங்கே கோட்டையைப் பிடித்து வைக்க, ஹைதர் அலி வந்து பறிக்க, கான்சாகிப் மறுபடி மீட்டார். வெற்றிலைக் கொடிக்கு இவர்களால் ஒரு லாபமும் இல்லை.

லாபம் வந்தது தண்ணீரால். மத்தியானம் ஒரு கொடிக்காலில் ஒதுங்கினேன். அகத்தி நிழல் குகை போலக் குளிர்ந்திருந்தது. அகத்தியை வரிசையாக விதைத்து, அது ஆள் உயரம் வந்ததும் அதன் காலடியில் வெற்றிலைக் கொடியை ஊன்றுகிறார்கள். கொடி உச்சிக்குப் போனால் அவிழ்த்து இறக்கிச் சுருட்டி மறுபடி மண்ணில் புதைத்து ஏற்றுகிறார்கள். வேர் காயவும் கூடாது, தண்ணீர் நிற்கவும் கூடாது. பச்சைக் குழந்தையை வளர்ப்பது போலத்தான். வேலையாக இருந்த பெரியவர் என்னைப் பார்த்ததும், “வாங்கய்யா, உள்ள வாங்க. செருப்ப மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க” என்றார். கொடிக்காலுக்குள் செருப்போடு போவது கோயிலுக்குள் போவதைப் போல.

“எந்த ஊருங்கய்யா?”

“செல்லூர்.”

“அடேயப்பா, நம்ம ஆத்துக்குக் கடேசியில இருக்கீங்க! அங்க தண்ணி வருதா?”

சித்திரை மாதம் அழகருக்காக அணையில் திறந்துவிடும்போது வரும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. 1886-இல் திருவிதாங்கூரோடு எழுதிக்கொண்ட குத்தகை, 1895-இல் பென்னிகுக் முடித்த அணை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பெரியாற்றுத் தண்ணீர், எல்லாம் புஸ்தகத்தில் படித்தவன் நான். அது வைகையில் வந்து கலந்து, இவ்வூருக்கு மேலே பேரணையில் கால்வாய்க்குத் திரும்புகிறது. 1959-இல் வைகை அணையும் வந்தது. “பேரணைக்கு மேல ஆறு, கீழ மணலு. இப்ப மணலும் இல்ல” என்று அவர் ஒரே வரியில் சொல்லி முடித்தார். 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த விஷயத்தையும் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார், கையோடு, தம் பிள்ளைகள் இருவரும் திருப்பூரில் இருப்பதையும் சொன்னார்.

ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“சோழன் உவந்தான்னு சொல்லுவாக. ராசா வந்து, நல்ல ஊரா இருக்கேன்னு சந்தோசப்பட்டாராம்.”

“சோழனைக் கொன்றதால் வந்த பெயர் என்று கல்வெட்டில் இருக்கிறதே?”

அவர் இலையைக் கிள்ளிக்கொண்டே யோசித்தார். “கொன்னத யாருய்யா ஊருக்குப் பேரா வைப்பாக? வச்சாலும் நாங்க எதுக்குச் சொல்லிக்கிட்டிருக்கணும்?”

எனக்குப் பதில் தோன்றவில்லை. கல்வெட்டு தபால் கார்டுக்காரர் பக்கம் இருக்கிறது. அதைத் திருத்தி அடுத்த பதிப்பில் போட்டாக வேண்டும், போடுவேன். ஆனால் கொலைகாரன் பட்டத்தை ஆயிரம் வருஷம் வாயில் போட்டு மென்று, அதை ஒரு விருந்தாளியின் பெயராக ஆக்கிவிட்டவர்கள் யாரென்று பார்த்தால், இந்தப் பெரியவரும் அவர் பாட்டனார்களும்தான். அவர்களுடைய பொய்யை அடித்து எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டையும் எழுதுவதாக உத்தேசம்.

தபால் கார்டுக்காரரை விசாரித்தேன். அரசஞ்சண்முகனார் பிறந்த ஊர் அல்லவா இது. படித்த கிழவர்களுக்குப் பஞ்சமில்லை. கையொப்பத்தைப் பார்த்த ஒரு கடைக்காரர், “தமிழ் வாத்தியாரு. தவறிப் பத்து வருசம் இருக்கும்” என்றார். வீட்டைக் காட்டினார். பூட்டியிருந்தது.

சாயங்காலம் பாலத்தில் நடந்து தென்கரைக்குப் போனேன். பாட்டுக்காரர் டி. ஆர். மகாலிங்கத்தின் ஊர். மூலநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். பெரியவர் கொடுத்திருந்த ஒரு கவுளி வெற்றிலை வாழைமட்டையில் கட்டி என் கையில் இருந்தது. வண்டி சமயநல்லூரைத் தாண்டும்போது எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி முகர்ந்து பார்த்துவிட்டு, “சோழவந்தான் வெத்தலையா தம்பி?” என்று கேட்டாள். பாதியைக் கொடுத்தேன்.