கோடியக்கரை வனவிலங்கு மற்றும் பறவைகள் புகலிடம்

கோடியக்கரை வனவிலங்கு மற்றும் பறவைகள் புகலிடம் என்பது தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யம் வட்டத்தில் அமைந்துள்ள ஒரு பாதுகாக்கப்பட்ட கடலோரப் பகுதியாகும். அழிவை எதிர்நோக்கியிருந்த வெளிமான்களைக் காப்பதற்காக இப்புகலிடம் 1967 ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது. குளிர்காலத்தில் வலசை வரும் நீர்ப்பறவைகளுக்கும், சோழர் காலம் முதல் விடுதலைப் போராட்டக் காலம் வரையிலான வரலாற்று இடங்களுக்கும் இப்பகுதி பெயர் பெற்றது.

அமைவிடம்

சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து தெற்காக வந்து, திடீரென மேற்கு நோக்கித் திரும்பும் முனையே கோடியக்கரை ஆகும். இதன் கிழக்கே வங்காள விரிகுடாவும், தெற்கே பாக்கு நீரிணையும் உள்ளன. நீரிணைக்கு அப்பால் இலங்கையின் யாழ்ப்பாணத் தீபகற்பம் உள்ளது. முனையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் வரை வேதாரண்யம் சதுப்பு நிலம் பரந்துள்ளது.

இப்புகலிடம், சதுப்பு நிலம், அலையாத்திக் காடுகள் ஆகியவற்றை உள்ளடக்கிய 38,500 எக்டேர் பரப்பு 2002 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இத்தகுதியைப் பெற்ற முதல் ஈரநிலம் இதுவே. 2022 ஆம் ஆண்டு வரை தமிழ்நாட்டில் வேறு எந்த இடமும் இப்பட்டியலில் இடம்பெறவில்லை.

இயற்கை அமைப்பு

இங்கு மணல் மேடுகள், உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, சேற்று நிலம் ஆகியவை அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. காட்டில் பாலை மரங்கள் மிகுதி. வடகிழக்குப் பருவமழையின்போது சதுப்பு நிலத்தில் நன்னீர் சேர்ந்து உப்புத்தன்மை குறைகிறது. கோடையில் நீர் வற்றுவதால் உப்புத்தன்மை கடல் நீரைவிடவும் மிகுந்து, பல இடங்களில் தரையின் மேல் உப்புப் படிகிறது. ஆண்டுதோறும் நிகழும் இம்மாற்றமே இங்குள்ள மீன், இறால், பாசி ஆகியவற்றின் அளவையும், அவற்றை உண்ணும் பறவைகளின் வரவையும் தீர்மானிக்கிறது.

விலங்குகள்

வெளிமானைத் திருகுமான் என்றும் அழைப்பர். வளர்ந்த ஆண் மான் கரும்பழுப்பு நிறமும் முறுக்கிய நீண்ட கொம்புகளும் உடையது. பெண் மான் வெளிர் பழுப்பு நிறமுடையது. திறந்த புல்வெளியே இதன் வாழிடம். புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, முயல், குரங்கு ஆகியனவும் இங்கு வாழ்கின்றன. முன்னர் மனிதரால் வளர்க்கப்பட்டுப் பின்னர் காட்டில் தங்கிவிட்ட மட்டக்குதிரைகளும் உள்ளன. இவை வெளிமான்கள் மேயும் அதே புல்லை நம்பியிருப்பதால் மான்களுக்குப் போட்டியாக அமைகின்றன.

பறவைகள்

ராம்சார் ஆவணத்தின்படி இவ்வீரநிலத்தில் 257 பறவையினங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் 119 நீர்ப்பறவைகள். பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா, ஊசிவால் வாத்து ஆகியன குறிப்பிடத்தக்கவை. கையளவே உள்ள கொசு உள்ளான் வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருகிறது. பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நீரை வடிகட்டிச் சிற்றுயிர்களை உண்கிறது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கு பறவைகளுக்கு வளையமிட்டு, அவற்றின் வலசைப் பாதைகளை ஆய்ந்துள்ளனர். பறவையியலாளர் சலீம் அலி இப்பணிக்கு வழிகாட்டினார்.

வரலாற்று இடங்கள்

கோடிக்குழகர் கோயில்: இது சுந்தரர் பதிகம் பெற்ற சிவத்தலம். சேரமான் பெருமாளுடன் இங்கு வந்த சுந்தரர், ஆள் நடமாட்டமற்ற கடற்கரையில் இறைவன் துணையின்றித் தனித்திருப்பதைக் கண்டு வருந்திப் பாடியதாகக் கூறுவர். அக்காலத்தில் இம்முனை எவ்வாறு இருந்தது என்பதற்கு இப்பதிகம் ஓர் இலக்கியச் சான்றாகும்.

பழைய கலங்கரை விளக்கம்: செங்கல்லால் கட்டப்பட்ட இது சோழர் காலத்தது என்று கூறப்படுகிறது. டிசம்பர் 26, 2004 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் இது இடிந்தது. இன்று சிதைவுகளே எஞ்சியுள்ளன. கல்கியின் பொன்னியின் செல்வன் புதினத்தில் கோடியக்கரையும் அதன் கலங்கரை விளக்கமும் முக்கியக் களங்களாக வருகின்றன.

இராமர் பாதம்: புகலிடத்தினுள் உள்ள மணல் மேட்டில் கல்லில் அமைந்த இரு பாதச் சுவடுகள் உள்ளன. இராமர் இங்கு நின்று இலங்கையை நோக்கினார் என்பது நம்பிக்கை. ஆதிசேது எனப்படும் இக்கடலில் ஆடி, தை அமாவாசை நாட்களில் திரளான மக்கள் நீராடுகின்றனர்.

அகத்தியம்பள்ளி: இராஜாஜி தலைமையில் ஏப்ரல் 13, 1930 அன்று திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய உப்புச் சத்தியாக்கிரக நடைப்பயணம், ஏறத்தாழ 240 கிலோமீட்டர் கடந்து வேதாரண்யத்தை அடைந்தது. ஏப்ரல் 30 அன்று இங்கு உப்பு அள்ளிய இராஜாஜி கைது செய்யப்பட்டார். தொண்டர்களுக்கு வேதாரண்யத்தில் துணைநின்றவர் வேதரத்தினம் பிள்ளை. நிகழ்வின் நினைவாக இங்கு நினைவுத்தூண் உள்ளது.

அச்சுறுத்தல்கள்

சதுப்பு நிலத்தை ஒட்டிய உப்பளங்களின் விரிவாக்கத்தால் நிலத்தடி நீர் உவர்ப்பாகி வருவதை ராம்சார் ஆவணம் கவலைக்குரியதாகக் குறிப்பிடுகிறது. ஆறுகளின் வழியே வரும் நன்னீர் குறைந்து வருவது மற்றொரு சிக்கல். இதன் விளைவு பறவைகளோடு நிற்பதில்லை. இச்சதுப்பு நிலம் மீன், இறால், நண்டு ஆகியவற்றின் இனப்பெருக்க இடமாதலால் சுற்றுப்புற மீனவர்களின் வாழ்வும் இதனைச் சார்ந்துள்ளது. அதே வேளையில் உப்புத் தொழிலும் இவ்வட்டார மக்கள் பலருக்கு வாழ்வாதாரமாகும். எனவே ஒன்றை விலக்கி மற்றொன்றைக் காப்பது எளிதன்று.

சீமைக்கருவேலம் புல்வெளிகளில் பரவி வெளிமான்களின் மேய்ச்சல் நிலத்தைச் சுருக்குகிறது. நவம்பர் 16, 2018 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மான்களும் பறவைகளும் மடிந்தன.

செல்லும் வழி

கோடியக்கரை, வேதாரண்யத்திலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி ஆகிய ஊர்களிலிருந்து வேதாரண்யத்திற்குப் பேருந்துகள் உள்ளன. திருத்துறைப்பூண்டி - அகத்தியம்பள்ளி அகலப்பாதையில் 2023 ஏப்ரலில் தொடர்வண்டிப் போக்குவரத்து தொடங்கப்பட்டது.

நீர்ப்பறவைகளைக் காண நவம்பர் முதல் சனவரி வரையிலான காலம் ஏற்றது. வெளிமான்களைக் காலையிலும் மாலையிலும் புல்வெளிகளில் எளிதில் காணலாம். புகலிடத்தினுள் செல்ல வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். சேற்று நிலம் வெளித்தோற்றத்திற்கு உறுதியாகத் தெரிந்தாலும் கால் புதையக்கூடியது. ஆகவே பாதையை விட்டு விலகாமல், தொலைநோக்கியின் உதவியுடன் பறவைகளைக் காண்பது பார்வையாளருக்கும் பறவைகளுக்கும் நல்லது.