மொனாப்பொலி மின்னணு வங்கிப் பதிப்பு

மொனாப்பொலி மின்னணு வங்கிப் பதிப்பு என்பது, மொனாப்பொலி எனும் புகழ்பெற்ற பலகை விளையாட்டின் புதுப்பிக்கப்பட்ட வடிவங்களுள் ஒன்றாகும். 2006 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளியிடப்பட்ட இப்பதிப்பில், காகிதப் பணத்திற்குப் பதிலாக வங்கி அட்டைகளும் அவற்றைப் படிக்கும் சிறிய மின்னணுக் கருவியும் இடம்பெற்றன. இடங்களை வாங்குதல், வீடு கட்டுதல், வாடகை பெறுதல், எதிராளிகளைத் திவால் நிலைக்குத் தள்ளுதல் ஆகிய அடிப்படை விதிகள் இதில் மாற்றப்படவில்லை. பணம் கைமாறும் முறையே மாறியது.

தமிழ்நாட்டில் பலரும் சிறுவயதில் விளையாடியிருக்கும் "டிரேட்", "பிசினஸ்" ஆகிய விளையாட்டுகள் மொனாப்பொலியை ஒட்டி இந்தியாவில் உருவானவை. எனவே கீழே கூறப்படும் விதிகளில் பெரும்பாலானவை அவற்றை விளையாடியவர்களுக்கு ஏற்கனவே பழக்கமானவையாக இருக்கும்.

பெயர்

"மொனாப்பொலி" என்னும் சொல், "ஒற்றை", "விற்றல்" ஆகிய பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது. ஒரு பொருளை விற்கும் உரிமை ஒருவரிடம் மட்டும் குவிந்திருக்கும் நிலையை இது குறிக்கிறது. தமிழில் இந்நிலை ஏகபோகம் அல்லது முற்றுரிமை எனப்படுகிறது.

மூல விளையாட்டின் வரலாறு

இவ்விளையாட்டின் தொடக்கம் எலிசபெத் மேகி (1866–1948) என்னும் அமெரிக்கப் பெண்மணியிடம் உள்ளது. அவர் உருவாக்கிய "நிலக்கிழார் விளையாட்டு" என்பதற்கு 1904 சனவரி 5 ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. மேகி, பொருளியலாளர் என்றி சார்ச்சின் கருத்துகளைப் பின்பற்றியவர். 1879 இல் வெளியான "முன்னேற்றமும் வறுமையும்" என்னும் நூலில் என்றி சார்ச் முன்வைத்த வாதம் வருமாறு: நிலத்தின் மதிப்பு உயர்வது பெரும்பாலும் அதன் உரிமையாளரின் உழைப்பால் அன்று, சுற்றியுள்ள சமூகத்தின் வளர்ச்சியால் ஆகும். ஆகவே அவ்வாறு உயர்ந்த மதிப்பை வரியாகப் பெற்றுப் பொதுத் தேவைகளுக்குச் செலவிட வேண்டும்.

இக்கருத்தை விளங்கிக்கொள்ள நாமக்கல் மாவட்டத்தில் உள்ள ஜேடர்பாளையத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்குக் காவிரியிலிருந்து ராஜவாய்க்கால் பிரிந்து பரமத்திவேலூர் பகுதிக்குப் பாய்கிறது. வாய்க்கால் நீர் எட்டும் நிலத்தில் வாழை, வெற்றிலை, கரும்பு ஆகியவை விளைகின்றன. சற்றுத் தள்ளியுள்ள மேட்டுக்காடு மழையையும் கிணற்றையும் நம்பியுள்ளது. இரு நிலங்களின் உரிமையாளர்களும் ஒரே அளவு உழைத்தாலும் வாய்க்கால் நிலத்தின் மதிப்பே கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் மதிப்பை உண்டாக்கியது ஆறும், வாய்க்காலை வெட்டியவர்களும், அதைப் பேணி வருபவர்களும் ஆவர். நன்செய், புன்செய் எனத் தரம் பிரித்துத் தனித்தனியே தீர்வை விதிக்கும் பழைய வழக்கமும் இவ்வேறுபாட்டை ஒட்டியதே.

மேகியின் பலகையில் ஒரு மூலையைக் கடக்கும்போது, நிலத்தாயின் மீது செலுத்தும் உழைப்பு கூலியைத் தருகிறது என்னும் பொருளில் ஒவ்வொருவருக்கும் கூலி வழங்கப்பட்டது. இன்றைய பலகையில் தொடக்கக் கட்டத்தைக் கடக்கும்போது கிடைக்கும் சம்பளத்தின் மூலம் இதுவாகும். கூலி அனைவருக்கும் சமமாகவே கிடைக்கிறது. ஆனால் வாடகை, நிலம் வைத்திருப்பவருக்கு மட்டுமே சேர்கிறது. சுற்றுகள் கூடக் கூட அனைவரின் கூலியும் வாடகையாக மாறி ஒருவரிடம் குவிந்துவிடும். இதை விளையாடுபவர் தாமே கண்டு உணர வேண்டும் என்பதே மேகியின் நோக்கம். நில வாடகை பொது நிதிக்குச் சென்றால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் மாற்று விதிகளையும் அவர் வகுத்தார்.

இவ்விளையாட்டு கல்லூரி மாணவர்களிடையேயும் குடும்பங்களிடையேயும் கைப்பிரதிகளாகப் பரவியது. விளையாடியவர்கள் தத்தம் ஊர்த் தெருப் பெயர்களைப் பலகையில் எழுதிக்கொண்டனர். அட்லாண்டிக் சிட்டி நகரின் தெருப்பெயர்களைக் கொண்ட ஒரு வடிவத்தைக் கற்ற சார்லசு டாரோ, அதைத் தம் பெயரில் விற்பனை செய்தார். 1935 இல் பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம் அவரிடமிருந்து உரிமையைப் பெற்றது. அதே ஆண்டில் மேகியின் காப்புரிமையையும் 500 டாலருக்கு வாங்கியது. விற்பனையில் அவருக்குப் பங்கு ஏதும் தரப்படவில்லை. டாரோவுக்கு விற்பனையில் பங்கு கிடைத்தது. அவர் செல்வந்தரானார்.

மேகியின் பங்கு பல பத்தாண்டுகள் மறைந்தே இருந்தது. பொருளியல் பேராசிரியர் ரால்ஃப் ஆன்சுபாக் 1973 இல் "ஆன்டி-மொனாப்பொலி" என்னும் விளையாட்டை வெளியிட்டபோது, பார்க்கர் சகோதரர்கள் நிறுவனத்துடன் வணிகப் பெயர் குறித்த வழக்கு எழுந்தது. அவ்வழக்கிற்காக அவர் திரட்டிய சான்றுகளே மேகியின் பெயரை மீண்டும் வெளிக்கொணர்ந்தன. 1991 இல் டொங்கா நிறுவனத்தை வாங்கியதன் மூலம் பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம் ஹாஸ்புரோவின் கீழ் வந்தது.

விளையாடும் முறை

மொனாப்பொலிப் பலகையில் 40 கட்டங்கள் உள்ளன. இவற்றுள் 22 தெருக்கள், 4 தொடர்வண்டி நிலையங்கள், 2 பொதுப்பயன் நிறுவனங்கள் ஆகியவற்றை வாங்கலாம். தெருக்கள் எட்டு நிறக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

ஒருவர் இரு பகடைகளை உருட்டிக் காயை நகர்த்துகிறார். யாருக்கும் உரிமையில்லாத இடத்தில் நின்றால் அதை வாங்கலாம். அவர் வாங்க மறுத்தால் அவ்விடம் ஏலத்திற்கு வரும். பிறருக்கு உரிய இடத்தில் நின்றால் வாடகை செலுத்த வேண்டும். ஒரு நிறக்குழு முழுவதும் ஒருவர் கைக்கு வந்தால் காலி மனையின் வாடகை இருமடங்காகும். அங்கு வீடுகளும் பின்னர் விடுதியும் கட்டலாம். ஒரு பெட்டியில் 32 வீடுகளும் 12 விடுதிகளும் மட்டுமே இருப்பதால் வீட்டுத் தட்டுப்பாட்டை உண்டாக்குவதும் ஓர் உத்தியாகும்.

அமெரிக்கப் பலகையின் விலை மிகுந்த தெரு 400 டாலர் ஆகும். அதன் காலி மனை வாடகை 50 டாலர். விடுதி கட்டினால் 2,000 டாலர். வாங்கிய விலையைப் போல ஐந்து மடங்கு வாடகை ஒரே தடவையில் கிடைப்பதால், ஏகபோகம் அமைந்த பிறகு ஆட்டம் விரைவில் முடிவை நோக்கிச் செல்கிறது.

நிகழ்தகவு

எல்லாக் கட்டங்களிலும் காய்கள் சம வாய்ப்புடன் நிற்பதில்லை. காய்கள் மிகுதியாக இருக்கும் இடம் சிறைக் கட்டமாகும். செம்மஞ்சள் நிறத் தெருக்கள் மூன்றும் சிறையிலிருந்து 6, 8, 9 ஆகிய தொலைவுகளில் உள்ளன. இரு பகடைகளை உருட்டினால் உண்டாகும் 36 சேர்க்கைகளில் 6 ஐ 5 வழிகளிலும், 8 ஐ 5 வழிகளிலும், 9 ஐ 4 வழிகளிலும் பெறலாம். ஆகவே சிறையிலிருந்து வெளிவரும் ஒருவர் ஒரே வீச்சில் இக்குழுவில் நிற்கும் வாய்ப்பு 36 இல் 14 ஆகும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இக்குழுவை விரும்புவதற்கு இதுவே காரணம். மின்னணுப் பதிப்பிலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

மின்னணுப் பதிப்பின் அமைப்பு

2005, 2006 ஆம் ஆண்டுகளில் "இங்கே இப்போது" என்னும் பொருள்படும் பெயரில் நவீனப் பதிப்புகள் வெளிவந்தன. இவற்றில் விலைகள் தற்கால நிலைக்கு ஏற்ப உயர்த்தப்பட்டன. இவ்வரிசையில் 2006 இல் பிரித்தானியாவில் வந்த மின்னணு வங்கிப் பதிப்பில் வீசா நிறுவனத்தின் பெயர் பொறித்த விளையாட்டு அட்டைகள் வழங்கப்பட்டன.

பழைய பதிப்புடன் ஒப்பிடுகையில் தொகைகள் 10,000 மடங்கு உயர்ந்தன:

தொடக்கப் பணம்: 1,500 இலிருந்து 1.5 கோடி
தொடக்கக் கட்டத்தைக் கடக்கும்போது கிடைக்கும் சம்பளம்: 200 இலிருந்து 20 இலட்சம்
விலை மிகுந்த தெரு: 400 இலிருந்து 40 இலட்சம்

எல்லாத் தொகைகளும் ஒரே விகிதத்தில் உயர்ந்தமையால் ஆட்டத்தின் சமநிலை மாறவில்லை. சுழியங்கள் மட்டுமே கூடின.

பணம் செலுத்துபவரின் அட்டை கருவியின் ஒரு பக்கத்திலும், பெறுபவரின் அட்டை மறுபக்கத்திலும் செருகப்படுகின்றன. தொகையை அழுத்தியதும் ஒரு கணக்கில் கழிக்கப்பட்டு மற்றொன்றில் கூட்டப்படுகிறது. வாடகை எவ்வளவு என்பதை இக்கருவி அறியாது. உரிமைச் சீட்டைப் பார்த்துத் தொகையைச் சொல்ல வேண்டியவர் ஆட்டக்காரரே. அதாவது இக்கருவி காசாளரின் இடத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது.

பிற்காலப் பதிப்புகள்

2016 இல் வெளிவந்த பதிப்பில் உரிமைச் சீட்டுகளையும் கருவியே படித்தது. யாருக்கு எந்த இடம் உரியது, அதன் வாடகை எவ்வளவு என்பன கருவியின் நினைவகத்தில் பதிவாயின. நிகழ்வுச் சீட்டுகளுக்கேற்ப வாடகைகள் ஏறி இறங்கின. 2019 இல் குரல் கட்டளைகளைக் கேட்டு இயங்கும் தொப்பி வடிவக் கருவியுடன் ஒரு பதிப்பு வந்தது. 2025 இல் கைப்பேசிச் செயலியே வங்கியாக இயங்கும் பதிப்பு வெளியானது.

இவற்றை வரிசையாகப் பார்த்தால், முதலில் கூட்டல் கழித்தலும் பின்னர் விதிகளை நினைவில் வைக்கும் பொறுப்பும் மனிதரிடமிருந்து கருவிக்கு மாறியதைக் காணலாம்.

இந்தியாவில்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் நிறுவனம் 1987 இல் எம்.ஆர்.எஃப்., ஹாஸ்புரோ ஆகியவற்றின் கூட்டு முயற்சியாகத் தொடங்கப்பட்டது. மொனாப்பொலி இதன் வாயிலாக இந்தியக் கடைகளுக்கு வந்தது. எனினும் "டிரேட்", "பிசினஸ்" எனும் பெயர்களில் பல உள்நாட்டு நிறுவனங்கள் வெளியிட்ட குறைந்த விலைப் பெட்டிகளே பரவலாக விளையாடப்பட்டன. இப்பலகைகளில் தெருக்களுக்குப் பதிலாக மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை, ஊட்டி, கோவா போன்ற ஊர்கள் இடம்பெற்றன. ஒரு தெருவை வாங்குவது ஒரு நகரையே வாங்குவதாக மாறியது.

மின்னணுப் பதிப்பு வெளியான காலத்தில் இந்தியச் சிற்றூர்களில் வங்கி அட்டையின் பயன்பாடு குறைவாக இருந்தது. 2016 இல் நிலை மாறத் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் யுபிஐ பணப்பரிமாற்ற முறை அறிமுகமானது. நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டது. பின்னர் தேநீர்க் கடைகளிலும் கைப்பேசியால் பணம் செலுத்தும் வழக்கம் பரவியதால், காகிதப் பணமில்லா விளையாட்டு இன்றைய சிறுவர்களுக்குப் புதுமையாகத் தோன்றுவதில்லை.

நிறை குறைகள்

மின்னணு முறையால் ஆட்டம் விரைவடைகிறது. தாள்களை எண்ணிப் பிரிக்கும் வேலை இல்லை. வங்கியை நடத்துபவர் தமக்குச் சாதகமாகத் தாள்களை எடுத்துக்கொள்ளும் பழைய குறும்புக்கும் இடமில்லை.

குறைகளும் உள்ளன. மீதிச் சில்லறை தருதல், பெரிய தாளை மாற்றுதல் ஆகியவற்றின் வழியாகச் சிறுவர்கள் பெற்ற கணக்குப் பயிற்சி குறைகிறது. மேலும், காகிதப் பணம் மேசை மேல் அடுக்கப்பட்டிருக்கையில் யாரிடம் செல்வம் குவிகிறது, யாரிடம் கரைகிறது என்பது அனைவர் கண்ணுக்கும் தெரியும். அட்டையில் அது தெரிவதில்லை. ஒருவர் தம் நிலையை அறியவும் கருவியின் திரையைப் பார்க்க வேண்டும். செல்வக் குவிப்பைக் கண்ணால் காணச் செய்வதே மேகியின் பலகை உருவானதன் நோக்கம் என்பதால், இக்குறை கருதத்தக்கது.

மறுபுறம், பணத்தின் வடிவம் இவ்விளையாட்டின் மையம் அன்று என்பதையும் இப்பதிப்புகள் தெளிவாக்குகின்றன. காகிதம், அட்டை, குரல், செயலி என எதுவாயினும் கூலி அனைவருக்கும் சமமாக வருகிறது. வாடகை நிலமுள்ளவரைச் சேர்கிறது.  1904 இல் காப்புரிமை பெற்ற பலகையின் அந்த விதியை எப்புதுப்பிப்பும் மாற்றவில்லை. நில வாடகையைப் பொது நிதியில் சேர்க்கும் மேகியின் மாற்று விதி பெட்டிகளில் அச்சிடப்படாவிட்டாலும், வாடகையைப் பொதுவில் வைத்து அனைவருக்கும் பகிர்வது என முடிவு செய்து எந்தப் பலகையிலும் அதனை விளையாடிப் பார்க்க இயலும்.

இவற்றையும் பார்க்கவும்

பல்லாங்குழி
பரமபதம்
தாயம்
ஏகபோகம்
என்றி சார்ச்