கமிஷன் கிடையாதாம், நம்புங்க!

வெளிநாட்டு ஏர்போர்ட்ல பணம் மாத்துற கடை வாசல்ல "கமிஷன் கிடையாது"ன்னு போர்டு பாத்திருப்பீங்க. அப்போ கடை வாடகையை யார் குடுக்கறா? இந்தக் கேள்விக்கு சுமார் 250 வருஷ வரலாறு இருக்கு மக்களே.

1770கள்ல இங்கிலாந்துப் பணக்கார வீட்டுப் பசங்க, படிப்பு முடிஞ்சதும் பிரான்சு, இத்தாலின்னு மாசக்கணக்குல ஊர் சுத்துவாங்க. தங்கக் காசை மூட்டை கட்டிட்டுப் போனா வழிப்பறி. அதனால ஊர் பேங்க்கர்கிட்ட ஒரு கடன் கடிதம் வாங்கிட்டுப் போவாங்க. அதுல பேர் போட்டிருக்கற பேங்க்குல மட்டும்தான் பணம் கிடைக்கும், அதுக்கும் கமிஷன் அழணும். திடீர்னு ரூட்டை மாத்தினா அம்போ.

ராபர்ட் ஹெரிஸ்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பார்சிலோனாவுல வியாபாரம் பண்ணின ஆளு, ஐரோப்பா முழுக்கத் தொடர்பு உண்டு. 1772ல லண்டன்ல 'சர்க்குலர் நோட்டு'ன்னு ஒண்ணை ஆரம்பிச்சார். லண்டன்ல பணத்தைக் கட்டி நோட்டை வாங்கிக்கணும். ஐரோப்பாவுல சுமார் 90 ஊர்ல எங்க வேணா மாத்திக்கலாம். கமிஷன் கிடையாது!

மனுஷன் என்ன தர்மசத்திரமா நடத்தினார்? பையன் பணம் கட்டறது இன்னிக்கு, நேபிள்ஸ்ல நோட்டை மாத்தறது மூணு மாசம் கழிச்சு. அந்த மூணு மாசமும் பணம் ஹெரிஸ் கையில. வட்டி அவருக்கு. கட்டணம் ஒழியலை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிடுச்சு, அவ்வளவுதான்.

நோட்டு மட்டும் இருந்தாலும் பணம் வராது. கையெழுத்து மாதிரியோட தனியா ஒரு கடிதமும் காட்டணும். அந்தக் காலத்து டூ ஃபேக்டர் ஆத்தென்டிகேஷன் :-) (நம்ம நகரத்தார் ரங்கூனுக்கும் செட்டிநாட்டுக்கும் நடுவுல ஓட்டின உண்டியலும் கிட்டத்தட்ட இதேதான். காகிதம் போகும், காசு போகாது. அது தனிப்பதிவுக்கான மேட்டர்.)

அடுத்த பெரிய ஆட்டம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். அதோட தலைவர் ஜே.சி. ஃபார்கோ ஐரோப்பாவுக்குப் போனப்போ, பெரிய நகரத்தைத் தாண்டினா அவர் கடன் கடிதத்தை யாரும் சீந்தலை. செம கடுப்போட திரும்பி வந்து, மார்செல்லஸ் பெர்ரிங்கற ஊழியர்கிட்ட ஒரு வழி பண்ணச் சொன்னார். பெர்ரி 1891ல போட்ட டிசைன் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு காகிதத்தை ஒண்ணாக்கிட்டார். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாத்தும்போது அதே காகிதத்துல இன்னொண்ணு. ரெண்டும் ஒத்துப்போச்சான்னு ஓட்டல் குமாஸ்தாகூட பாத்துடலாம், பேங்க் தேவையில்லை. இதைவிட முக்கியம், எந்த நாட்டு நாணயத்துல எவ்வளவு கிடைக்கும்னு செக்கு மேலயே அச்சடிச்சிருந்தது. தங்கத்தோட நாணயங்களைக் கட்டி வெச்சிருந்த காலம், அதனால முடிஞ்சது. வாங்கும்போது கட்டற சின்னக் கமிஷனோட சரி, வழியில எவனும் ரேட்டுல கைவைக்க முடியாது.

1914 ஆகஸ்டுல முதல் உலகப்போர் வெடிச்சப்போ ஒன்றரை லட்சம் அமெரிக்கர்கள் ஐரோப்பாவுல மாட்டிக்கிட்டாங்க. பேங்க்குகள் கடன் கடிதத்துக்குப் பணம் தர மறுத்துடுச்சு. சொந்தப் பணம் ஊர்ல கிடக்கு, கையில ரொட்டி வாங்கக் காசில்லை. அமெரிக்க அரசு டென்னசிங்கற போர்க்கப்பல்ல தங்கம் அனுப்ப வேண்டியதாச்சு. லண்டன்ல ஹெர்பர்ட் ஹூவர்னு ஒரு சுரங்க இன்ஜினியர் (பிற்பாடு ஜனாதிபதியே ஆனார்) நண்பர்களோட சேந்து தன் ஊர்க்காரங்களுக்குக் கடன் குடுத்தார். பாரிஸ்ல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆபீஸ் மட்டும் தன் செக்குக்குக் காசு குடுத்துக்கிட்டே இருந்தது. கமிஷன் எதுக்குக் கட்டினோம்னு அன்னிக்குக் கியூவுல நின்னவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

போர் வந்ததும் தங்கக் கட்டு அவுந்துபோச்சு, நாணய ரேட்டு ஆட ஆரம்பிச்சது. ஒளிஞ்சுக்க இடம் கிடைச்சா கட்டணம் விடுமா? ரேட்டுக்குள்ள புகுந்துடுச்சு. 1967ல லண்டன் என்ஃபீல்டுல பார்க்லேஸ் முதல் ஏடிஎம்மை வெச்சது, 1982ல சிர்ரஸ், பிளஸ்னு நெட்வொர்க்குகள் வந்தது, அப்புறம் நாடு தாண்டியும் கார்டைச் சொருகிப் பணம் எடுக்க முடிஞ்சது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல 1996 ஏப்ரல் வரைக்கும், மெஷின் வெச்சிருக்கறவர் நம்மகிட்ட தனியா கட்டணம் வாங்க நெட்வொர்க் விதி இடம் தரலை. விதியைத் தளர்த்தினதும் ஆளாளுக்கு வாங்க ஆரம்பிச்சாங்க. வெளிநாட்டுச் செலவுக்கு ரேட்டுக்குள்ள ஒளிச்சு வெச்ச கட்டணம் பத்தி அங்க நடந்த வழக்குல, விசா, மாஸ்டர்கார்டு, சில பேங்க்குகள் சேந்து 2006ல 33 கோடியே 60 லட்சம் டாலர் தர சமரசம் பண்ணிக்கிட்டாங்க.

இப்போ புது அவதாரம் ஒண்ணு இருக்கு. பிராக்ல மெஷின்கிட்ட போய் கொருனா கேட்டா, "உங்க கணக்குல ரூபாயாவே கழிச்சுடட்டுமா?"ன்னு பாசமா கேக்கும். சரின்னா அது சொன்னதுதான் ரேட்டு. பத்து சதவீதத்துக்கு மேல தீட்டற மெஷினும் உண்டு. வேண்டாம்னு அமுக்கினா, ரேட்டு கார்டு நெட்வொர்க்கோடது, அதுக்கு மேல உங்க பேங்க் போடற கட்டணம். அதைக் கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கலாம். மெஷின்காரர் தன் பங்குக்குத் தனியா கட்டணம் கேட்டா, ரத்து பண்ணிட்டு அடுத்த பேங்க் மெஷினுக்கு நடங்க. கொஞ்சம் கொஞ்சமா பத்து தடவை எடுக்காம, ஒரே தடவையா எடுங்க.

ஐரோப்பிய யூனியன்ல, அந்த ஊர்க் கார்டுகளுக்கு மட்டும், மெஷின் எத்தனை சதவீதம் கூட வெச்சிருக்குன்னு பணம் எடுக்கறதுக்கு முன்னாடியே காட்டணும்னு 2020 ஏப்ரல்லேர்ந்து சட்டம். 1891 செக்குல சும்மாவே அச்சடிச்சிருந்த சமாச்சாரம்!

டிஸ்கி: ஹெரிஸோட பேங்க் 1893ல லாய்ட்ஸ்ல ஐக்கியமாயிடுச்சு.