கீழே வைத்த பறையும் கையில் எடுத்த பறையும்: திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பாடம்

பறையை அடிப்பதா, உடைப்பதா? நம் பயிற்சி முகாம்களில் இந்தக் கேள்வி எழாமல் போனதில்லை. "எங்க தாத்தா சாவுக்கு அடிச்சே செத்தாரு, அதை நான் ஏன் தொடணும்?" என்று ஒரு தோழர் கேட்பார். "அது நம்ம ஆதி இசை, அதை ஏன் விடணும்?" என்று இன்னொரு தோழர் எழுந்து நிற்பார். இருவர் பக்கத்திலும் வரலாறு இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஒரு பாடம் திண்டுக்கல்லில் இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. எல்லா நிலத்துக்கும் பறை உண்டு. எல்லா நிலத்துக்கும் பொதுவாக இருந்த கருவி, பிற்காலத்தில் சேரிக்கு மட்டும் உரியதாக ஒதுக்கப்பட்டது. அதை அடித்தவர்களின் பெயரிலிருந்து 'பரியா' என்ற சொல் ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் அகராதிகளில் உட்கார்ந்துகொண்டது. இழிவாக்கப்பட்ட அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து 1893இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். இழிவென்று சுமத்தியதை நிமிர்ந்து நின்று சொந்தப் பெயராகச் சொல்வது நமக்குப் புதிதல்ல.

ஆனால் பெயரை நிமிர்த்துவது வேறு, அடிமை வேலையிலிருந்து விடுபடுவது வேறு. ஊரில் யார் செத்தாலும் சேரியிலிருந்து ஆள் போய்ப் பறையடிக்க வேண்டும். தண்டோரா போட வேண்டும். கோயில் திருவிழாவில் தள்ளி நின்று அடிக்க வேண்டும். பறையர் மட்டுமல்ல, பல ஊர்களில் அருந்ததியரும் இந்த வேலைக்குக் கட்டப்பட்டிருந்தார்கள். இதற்குக் கிடைத்ததைக் கூலி என்று சொல்ல முடியாது. அறுவடையில் கொஞ்சம் தானியம், சாவு வீட்டில் கொஞ்சம் சோறு, கொஞ்சம் சாராயம். 'வரமாட்டேன்' என்று சொன்னால் ஊர்க்கட்டுப்பாடு. கடையில் சாமான் கிடைக்காது, காட்டில் வேலை கிடைக்காது.

அதனால்தான் பறையைக் கீழே வைத்தது ஒரு போராட்டமாக நடந்தது. மகாராஷ்டிரத்தில் மகர் மக்களைப் பரம்பரை ஊர் ஊழியத்தில் கட்டிப்போட்ட வதன் முறைக்கு எதிராக அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்க மறுக்கும் போராட்டங்களை நடத்தினார். பறையை உடைத்த தாத்தாக்களை 'கலையை மதிக்கத் தெரியாதவர்கள்' என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. அவர்கள் உடைத்தது விலங்கை. அந்த மறுப்பு இல்லாமல் இன்று மேடையில் நாம் அடிக்கும் பறை இல்லை.

பிறகு பறையைத் திரும்ப எடுத்தவர்கள் யார்? மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற இசையிலேயே திருச்சபை வழிபாட்டை அமைத்தார். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும்தான் கடவுளுக்கு ஏற்றவை என்றிருந்த இடத்தில், சேரியின் மெட்டை உள்ளே கொண்டுவந்தார். சிவகங்கை மாவட்டத்தின் மாரந்தையில் 1955இல் பிறந்த கே.ஏ. குணசேகரன், 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார், 'வடு' என்ற தன்வரலாறு எழுதினார், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2016இல் மறைந்தார். இருவரும் கலைஞர்கள், அதே அளவுக்கு ஆசிரியர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வருவோம்.

அண்ணலின் நூற்றாண்டையொட்டி தலித் எழுச்சி தமிழகமெங்கும் பரவிய நேரம் அது. 1990இல் சகோதரி சந்திரா, சகோதரி ஃபெல்சி என்ற இரண்டு கத்தோலிக்கத் துறவிகள் திண்டுக்கல்லில் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தைத் தொடங்கினார்கள். சக்தி கலைக்குழு என்றால் இன்று பலருக்குத் தெரியும். திண்டுக்கல்லை நாம் பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்போன ஊராகச் சொல்கிறோம். ஆனால் அது தோல் ஷாப்புகளின் ஊர். மாட்டுத்தோலைத் தொட்டால் தீட்டு என்றவர்கள் அந்தத் தோலில் வந்த பணத்தைத் தீட்டு என்று சொன்னதில்லை. வேடசந்தூர்ப் பக்கம் போனால் பஞ்சாலைகள். பள்ளியை நிறுத்திய தலித் பெண்பிள்ளைகளுக்கு மில்லோ காட்டு வேலையோதான் வழி என்றிருக்கும் வட்டாரம் இது. அப்படிப்பட்ட இளம்பெண்களைத்தான் சக்தி சேர்த்துக்கொண்டது. சேர்த்து, அவர்கள் கையில் பறையைக் கொடுத்தது.

இதில் மூன்று மீறல்கள் இருக்கின்றன. சேரிக்குள்ளும் பறை பெரும்பாலும் ஆண்களின் கருவி. அப்பாவின் பின்னால் மகன் போய்க் கற்றுக்கொள்வான், மகள் போக மாட்டாள். அது ஒன்று. சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தையே பிரித்துவைத்த ஊர்கள் தமிழகத் திருச்சபைக்குள்ளும் உண்டு. அந்தச் சபையைச் சேர்ந்த துறவிகள் 'சாவு மேளத்தை'த் தோளில் மாட்டினார்கள். இது இரண்டு. மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது: பரம்பரைக் கடமையாக இருந்ததை அவர்கள் வகுப்பாக மாற்றினார்கள்.

வகுப்பு என்றால் அடி மட்டும் அல்ல. கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் போன்ற கலைகளும் உண்டு. தையல் உண்டு. சாதி எப்படி வேலை செய்கிறது, பெண்ணை எப்படி அடக்குகிறது, கூலி ஏன் குறைவு என்ற சமூகப் பகுப்பாய்வும் உண்டு. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இந்த மையத்தைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படம் எடுத்திருக்கிறார். அப்பாவுவின் இசையைப் பற்றி 2014இல் புத்தகம் எழுதியவரும் அவரே.

உடலையும் யோசித்துப் பாருங்கள். பறையை உட்கார்ந்து அடிப்பதில்லை. தோளில் மாட்டி, ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி பிடித்து, காலை முன்னே வைத்து ஆடிக்கொண்டே அடிக்க வேண்டும். தெருவில் ஓரமாகக் குனிந்து போ என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண், கூட்டத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக் காலை அகட்டி நிற்கிறாள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் அடி மாற்ற வேண்டும். ஒருத்தி தவறினால் எல்லாருக்கும் கேட்கும். தன்மானத்தைச் சொற்பொழிவில் சொல்லிக் கொடுப்பதற்கும் இப்படித் தோளில் ஏற்றிக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

கறுப்பின மக்களின் வரலாற்றோடு நம் வரலாற்றைச் சேர்த்துப் பார்ப்பது ஜோதிராவ் புலே காலத்திலிருந்தே நம் மரபு. தம் 'குலாம்கிரி'யை 1873இல் அவர் அடிமை முறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அந்த அமெரிக்காவின் லூசியானாவில் பிரெஞ்சு பேசும் கறுப்பினக் கிரியோல் மக்களின் இசை சைடகோ. கரும்புக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் உழைத்தவர்களின் சனிக்கிழமை இரவு ஆட்டம் அது. துணி துவைக்கும் தகரப் பலகையே அதன் தாளக் கருவியானது. குத்தகை விவசாயியின் மகனாக 1925இல் பிறந்து, எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த கிளிஃப்டன் செனியர் அதை உலக மேடைக்குக் கொண்டுபோய் கிராமி விருது வாங்கினார். சுருட்டுப் பெட்டியில் கம்பி கட்டித் தன் முதல் ஃபிடிலைச் செய்துகொண்டவர் கேன்ரே ஃபொன்டெனோ. அங்கே பள்ளிக்கூடம் கிரியோல் பிள்ளைகளின் மொழியை அடித்து விரட்டியது. பிரெஞ்சு பேசினால் தண்டனை. பிற்காலத்தில் அந்த இசைக்காரர்களே ஆசிரியர்களாகி அடுத்த தலைமுறைக்குக் கற்பித்ததால்தான் அந்த இசையோடு அந்த மொழியும் கொஞ்சம் தங்கியது. மேடை ஒரு கலையைப் புகழ்பெறச் செய்யலாம். அதை உயிரோடு வைத்திருப்பது கற்பிப்பவர்கள்தான்.

இப்போது நம் நிலைமைக்கு வருவோம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நமக்கெல்லாம் மகிழ்ச்சி. சினிமாவில் பறை, கல்லூரி விழாவில் பறை, நகரத்தில் கட்டணம் கட்டிக் கற்கும் பறை வகுப்பு. அதே தமிழ்நாட்டில் தண்டோரா போடுவதை நிறுத்தும்படி தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குச் சொல்ல வேண்டிய நிலை 2022 வரை இருந்தது. ஒரு பக்கம் விருது, மறுபக்கம் 'வாடா, வந்து அடி' என்ற கூப்பாடு. தோல் ஒன்றுதான், குச்சி ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

நாங்கள் மூன்று கேள்விகளை வைத்து அளக்கிறோம். எங்கே, எப்போது, யாருக்கு அடிப்பது என்பதை அடிப்பவரே முடிவு செய்கிறாரா? அதற்கு உரிய கூலி பேசி வாங்குகிறாரா? 'முடியாது' என்று சொல்லிவிட்டு அதே ஊரில் பயமில்லாமல் குடியிருக்க முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது கலை. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அது அடிமை ஊழியம், மேடை போட்டு மாலை மரியாதை செய்தாலும் சரி.

ஆகவே தோழர்களே, பறை கற்க விரும்பினால் சேரியில் இருக்கும் ஆசானிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள், அவருக்கு உரிய ஊதியம் கொடுங்கள். உங்கள் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கல்லூரி விழாவுக்குப் பறைக் குழுவை அழைத்தால், அவர்களை ஆடவைத்து அனுப்பிவிடாமல் பேசவும் வையுங்கள். கட்டாயப்படுத்தி அடிக்க வைப்பது எங்காவது நடந்தால், கட்டாய உழைப்பைக் குற்றமாக்கும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் கையில் இருக்கிறது. மறுக்கிறவருக்குத் துணையாகக் காவல் நிலையம் வரை போங்கள்.

தாத்தா கீழே வைத்த பறையும் பேத்தி கையில் எடுத்த பறையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. தாத்தா மறுத்ததால்தான் பேத்தியால் விரும்பித் தேர்ந்தெடுக்க முடிந்தது. அடிக்க விரும்பாத பேத்தியும் நம் தோழர்தான்.