மார்க் அழிந்த பல்சக்கரம்

பழவேற்காட்டின் வரலாறு என்றால் எல்லோரும் டச்சுக்காரர்களிடமிருந்துதான் தொடங்குவார்கள். 1613-இல் எழுந்த ஜெல்டிரியா கோட்டை, சிற்பம் செதுக்கிய கல்லறைகள் என்று போகும். அதைத் தாண்டினால் ஏரியில் முறை வைத்து வலை கட்டும் பாடு வழக்கம். அதைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். எங்கள் தொழிலைப் பற்றி எழுதியவரை நான் பார்த்ததில்லை. இந்தக் கரையில் படகு எஞ்சினை இறக்கிப் பிரித்துக் கட்டுகிறவன் நான். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்த கதையைச் சொல்கிறவர்கள் மானியத்தையும் படகையும் சொல்வார்கள். எஞ்சினைக் கட்டிய கைகளை விட்டுவிடுவார்கள். எனக்கு அது பெரிய குறை.

எஞ்சின் இங்கே வந்து சேர்வது எளிதாக இருக்கவில்லை. ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர்தான். முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைத்துக்கொள்ளும், மழைக்குத் திறக்கும். 1950-களில் தமிழகக் கரைகளுக்கு வந்த, பாப்லோ என்ற எஞ்சின் படகுகளுக்கு அடியில் விசிறி. அது மணல் கரைக்கு ஆகாது. 1979-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையில் அலுவலகம் போட்டது. கரையில் ஏறும்போது விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும்படி எஞ்சினையே சாய்த்து வைக்கும் அமைப்பை அங்கிருந்த பொறியாளர்கள் உருவாக்கினார்கள். பிறகு நீளத் தண்டோடு கூடிய லாங் டெயில் எஞ்சின் பரவியது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகளால் கரை நிறைந்தது. படகு வந்த வேகத்தில் எஞ்சின் பார்க்கத் தெரிந்த ஆள் வரவில்லை.

அந்த எஞ்சின்களில் பெரும்பாலும் ஒரே சிலிண்டர், காற்றில் குளிரும் டீசல். இத்தாலிய லம்பார்டினி வடிவத்தை கிரீவ்ஸ் கம்பெனி இங்கே தயாரித்தது. சரக்கு ஆட்டோக்களில் ஓடியதும் அதே குடும்பத்து எஞ்சின்தான். அதனால் எங்கள் உதிரி பாகக் கடை சென்னைப் புதுப்பேட்டை. ஆட்டோவிலிருந்து கழற்றிய கேம் ஷாஃப்டும் டைமிங் கியரும் அங்கே எடைக்குக் கிடைக்கும். சிக்கலும் அதிலேயே தொடங்கும். மார்க்காக கிராங்க் கியரில் ஒரு புள்ளி, கேம் கியரில் ஒரு புள்ளி; இரண்டும் நேருக்கு நேர் வந்தால் டைமிங் சரி. உப்புக்காற்று தின்ற கியரில் அந்தப் புள்ளியே இருக்காது.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று. ஒரு பல் தப்பினால் கிராங்க் கணக்கில் பத்து டிகிரிக்கு மேல் போய்விடும். இந்த எஞ்சினில் டீசல் பம்பையும் அதே கேம்தான் தட்டுகிறது. எனவே வால்வு மட்டுமல்ல, டீசல் பீய்ச்சும் நேரமும் சேர்ந்து மாறும். "அண்ணே, வெள்ளப் புகையா தள்ளுது, இழுவையே இல்ல" என்று வந்து நிற்பார்கள். முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் இழுவை இல்லாவிட்டால் படகு குறுக்கே திரும்பிவிடும். அப்புறம் கவிழ்வதற்கு ஒரு அலை போதும்.

எனக்குக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி புத்தகம் பார்த்தவர் இல்லை. பையன்களிடம் பாடு வழக்கத்தை வைத்தே சொல்வார்: "உள் வால்வுக்கு ஒரு பாடு, வெளி வால்வுக்கு ஒரு பாடுடா. மொற மாறுனா சண்டதான்." மார்க் இல்லாத கியருக்கு அவர் வைத்திருந்த வழி இது. டேப்பட் இடைவெளியை முதலில் சரிசெய்வார். குளிர்ந்த எஞ்சினில் 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர். பிறகு பிஸ்டனை டாப்புக்குக் கொண்டுவந்து, பிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் அசைப்பார். வெளி வால்வு மூடி முடிகிற தறுவாயில் உள் வால்வு திறக்கத் தொடங்க வேண்டும். டாப்பில் இரண்டும் ஏறக்குறைய சம அளவு அமுங்கியிருந்தால் கேம் தன் இடத்தில் இருக்கிறது. ஒன்று ஆழ்ந்தும் ஒன்று மூடியும் நின்றால் கியரை இழுத்து ஒரு பல் மாற்றிப் போட்டு மறுபடி பார்ப்பார். பொருந்தியதும் சென்டர் பஞ்சால் இரு கியரிலும் தானே புள்ளி குத்திவிடுவார்.

அதோடு விடமாட்டார். பிஸ்டன் தலையில் துண்டு ஈயக் கம்பியைக் கிரீஸால் ஒட்டி, ஹெட்டை முறுக்கிவிட்டு, பிளைவீலை மெதுவாக ஒரு சுற்று சுற்றுவார். கழற்றி, நசுங்கிய ஈயத்தை மைக்ரோமீட்டரில் அளப்பார். இந்த டீசல் எஞ்சினில் டாப்பில் நிற்கும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. டைமிங் தப்பிய வால்வு அங்கே பிஸ்டனில் இடித்து வளையும். நங்கென்று ஒரே சத்தம், அன்றைய தொழில் போயிற்று. பம்ப் சரியான கணத்தில் டீசலைப் பீய்ச்ச, அதன் அடியில் மெல்லிய ஷிம் தகடு சேர்ப்பார், எடுப்பார். தகடு கூடினால் டீசல் தாமதமாக விழும், குறைந்தால் முந்திக்கொள்ளும்.

பழைய எஞ்சின்களைப் பிரிக்கும்போது கியரில் கம்பெனிப் புள்ளிக்குப் பக்கத்தில் வேறு புள்ளிகளைப் பார்க்கிறேன். இரட்டைப் புள்ளி, சிறு கோடு, உளியால் கீறிய பிறை. ஒவ்வொன்றும் ஒரு மேஸ்திரியின் கை. எது யாருடையது என்று என் வயதுக்காரர் சிலர் இன்னும் சொல்வோம். இந்தக் கரை எப்படி எஞ்சினுக்கு மாறியது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேறில்லை. அந்த கியர்கள் இப்போது பழைய இரும்போடு எடைக்குப் போகின்றன. பிரிக்கிற பையன்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எடைக்குப் போடுமுன் புள்ளி தெரியும்படி செல்போனில் ஒரு படம் எடுத்து, எந்தக் குப்பத்துப் படகு, யார் கட்டிய எஞ்சின் என்று எழுதி வையுங்கள்.