பரமதம்: ஒரு மருத்துவச் சொல்லின் வரலாறு

அளவுமீறி மது அருந்தியபின் தோன்றும் உடல்வலியை வடமொழி மருத்துவ நூல்கள் போதையினின்றும் வேறாகவே கொண்டன. சுசுருத சம்ஹிதையின் உத்தரதந்திரம் (இயல் 47) மதுவின் கேடுகளைப் பானாத்தியயம், பரமதம், பானாசீரணம், பானவிப்பிரமம் என நான்காகப் பகுக்கிறது. இவற்றுள் பரமதத்தின் குறிகளாக உடற்கனம், வாய்ச்சுவைக்கேடு, நீர்வேட்கை, தலைவலி, மூட்டுகள் பிளப்பது போன்ற நோவு ஆகியன சுட்டப்படுகின்றன. முறைதவறி அருந்திய மதுவால் வந்த நோயை முறையாக அருந்தும் மதுவே தணிக்கும் என்பது சரக சம்ஹிதையின் கருத்து. இன்றைய மருத்துவம் இதனை ஏற்பதில்லை. நீரும் உணவும் ஓய்வுமே பரிந்துரைக்கப்படுகின்றன.

இச்சொல்லைத் தமிழில் எழுதுங்கால் இடர் ஒன்று எழுகிறது. வடமொழியில் மதுமயக்கத்தைக் குறிக்கும் 'மத' ஒலிப்புடைத் தகரமும், கொள்கையைக் குறிக்கும் 'மத' ஒலிப்பிலாத் தகரமும் உடையன. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. வேதாந்த தேசிகரின் 'பரமதபங்கம்' பிறர் கொள்கைகளை மறுக்கும் நூல். குடிநோவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆங்கில 'ஹேங்ஓவர்' முன்னர் 'எஞ்சியது' எனப் பொருள்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியின் பின்விளைவைக் குறிக்கலாயிற்று. இதனைப் 'போதை' எனப் பெயர்ப்பது பிழை. போதை இறங்கும்போதே இந்நோவு தொடங்குகிறது. 'மதுப்பின்நோவு' என்னும் ஆக்கம் சுசுருதர் கண்ட வேறுபாட்டைக் காக்கும்.